அத்தியாவசிய வசதி

காலிக் கண்டெய்னருக்குள் போய் நின்றுகொண்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் எங்கேயாவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. வந்தால் ஓட்டை என்று அர்த்தம். ஓட்டைப் பெட்டியில் உப்பு ஏற்ற முடியாது. நடுக்கடலில் மழை பெய்தால் மானம் போய்விடும். ஓட்டை இல்லையென்றால் அடுத்தது மோப்பம். போன தடவை கருவாடு போன பெட்டியில் இந்தத் தடவை பனியன் துணி போகக் கூடாது. சாயர்புரத்தில் மூன்று வருஷம் பி.காம். படித்தபோது மூக்குக்கும் சம்பளம் உண்டென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்களை ஒட்டி இருந்த ஒரு யார்டில். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளும் கப்பலேறப் போகிற பெட்டிகளும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். முதல் நாள் காலை பத்தரை மணிக்கு மேனேஜரிடம் போய் டாய்லெட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். கூரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே யார்டைப் பார்த்தார். எட்டு ஏக்கர் நிலத்தையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயேம்மா" என்றார்.

ஆண்களுக்கு ஒன்று இருந்தது. ஆபீசுக்குப் பின்னால், நாளுக்கு அறுபது லாரி டிரைவர்கள் வந்துபோகிற இடம். தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் ஒரு செங்கல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். செங்கல் வெளியே கிடந்தால் உள்ளே ஆள் இல்லை. யார்டு முழுவதும் அந்தச் செங்கல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தது. நான் அந்தச் செங்கல்லை நம்பத் தயாராக இல்லை.

என்னைத் தவிர அங்கே இருந்த ஒரே பெண், ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா. கடற்கரையோரத்துக்காரர். அவர் கணவர் சங்கு குளிக்கப் போகிறவர். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டேன். வேல முடிஞ்சி ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போயித்தான் குடிப்பேன்" என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரரு கடலுக்கடியில மூச்ச அடக்குதாரு. நான் கரையில இத அடக்குதேன். குடும்பமே அடக்கிப் பொழைக்கிற குடும்பம்ளா."

எனக்கு அந்தத் திறமை வாய்க்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு, சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கல்யாண மண்டபம் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கு அங்கே கல்யாணம். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய், வேலையை முடித்துக்கொண்டு, முகம் கழுவி வெளியே வந்தேன். வாசலில் ஒரு மாமி, "சாப்புட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லையென்று உண்மையைச் சொன்னேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். போகும்போது தேங்காய் போட்ட தாம்பூலப் பையையும் கொடுத்து, "அம்மாவக் கேட்டதாச் சொல்லு" என்றார். என் அம்மாவை அவருக்குத் தெரியாது. இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா நெடுநேரம் யோசித்தாள்.

அப்படித்தான் என் முதல் மூன்று மாதங்கள் ஓடின. முகூர்த்த நாட்களில் எனக்குக் குறையே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீடு என்று நினைத்தார்கள், பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைப் பழகி வைத்திருந்தேன். குறைந்தது நான்கு குடும்பங்களின் கல்யாண வீடியோவில் நான் இருக்கிறேன். ஒரு ஆல்பத்தில், பெண்ணின் அத்தைமார் வரிசையில், கழுத்தில் யார்டு அடையாள அட்டையோடு நிற்கிறேன். ஆபீசில் என் மேசைக்கடியில் தேங்காய் சேர்ந்துகொண்டே போனது. ஒருநாள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, தேங்காய் வியாபாரம் ஏதும் செய்கிறேனா, கம்பெனி விதிப்படி அது கூடாது என்றார்.

பிறகு ஆடி மாதம் வந்தது.

ஆடியில் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அது என்னைப் பாதிக்கும் என்பது மட்டும் தெரியாது. மண்டபத்தின் வாசலில் என் தலையளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. வாட்ச்மேன், "ஆவணி ஒண்ணுக்கு வாங்க" என்றார். நான் சாலையைக் கடந்து திரும்பி வந்து, நேராக மேனேஜர் முன்னால் நின்று, யார்டில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றேன்.

"அது ஆவாதும்மா" என்றார்.

இங்கே மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாசரேத்துக்காரர். அந்த யார்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணுவார், குழம்பு ஆறிவிடும். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல அவர் 'ஆவாது' சொல்வார். மழை வருமா சார் என்று கேட்டால் வராது என்பார். அப்படியென்றால் வெயிலடிக்குமா என்றால், அதையும் நம்ப முடியாது என்பார். யாராவது லீவு கேட்டு வந்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலை இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிடும். ஒருமுறை டீக்காரர் "சார், டீ" என்றதற்கே "ஆவாது" என்று சொல்லிவிட்டு, பிறகு கூப்பிட்டு வாங்கிக் குடித்தார்.

ஏன் ஆகாது என்று கேட்டேன். இடமில்லை என்றார். எட்டு ஏக்கரை ஜன்னல் வழியே காட்டினேன். இடமிருக்கிறது, தண்ணீரில்லை என்றார். ஆண்களுக்கு வருகிறதே என்றேன். தண்ணீர் வந்தால் கழிவு போக வழி வேண்டும் என்றார். அதற்கும் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து, ஆபீஸ் சுவரோரம் தொட்டி கட்ட இடம் காட்டச் சொன்னேன். எல்லாக் காரணமும் தீர்ந்ததும், இது கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டில் இருக்கிற இடம், அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்கக் கூடாது என்றார். அடுத்த வாரம் யார்டுக்கு வந்த அதிகாரியிடம் நானே கேட்டேன். அவர் என்னைவிடக் கூச்சப்பட்டு, இதிலெல்லாம் எங்களை இழுக்காதீர்கள், தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேகமாக ஜீப்பில் ஏறிப்போனார்.

"சட்டப்படியே இருக்கணும் சார்" என்றேன் கடைசியாக.

"சட்டம் சென்னையில இருக்கும்மா. நாம இங்கன இருக்கோம்."

சரி, சென்னைக்கே எழுதுவோம் என்றேன். எழுதினாலும் ஆகாது என்றார். ஆகாவிட்டால் பரவாயில்லை, எழுதுகிறேன் என்றேன்.

கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் அவர் கையெழுத்துப் போட வேண்டும். 'கழிப்பறை' என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் காது சிவந்துவிட்டது. பெரிய மனிதர்கள் படிக்கிற கடிதத்தில் இப்படியெல்லாம் வரக் கூடாது என்று அடித்துவிட்டு, 'பெண் ஊழியருக்கு அத்தியாவசிய வசதி' என்று தன் கையாலேயே திருத்தி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஆளுயரக் கண்ணாடி.

"பாத்தியா, வசதி வந்துட்டு" என்றார் மேனேஜர். அவருக்கே நம்ப முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அனுப்பிய கடிதத்துக்கு ஏதோ ஒன்று வந்திருந்தது.

இது அந்த வசதி இல்லை என்று மறுபடியும் எழுதினேன். 'மிகவும் அத்தியாவசியமான வசதி' என்று அவர் திருத்தினார். ஒரு டேபிள் ஃபேன் வந்தது. மூன்றாவது கடிதத்தில், 'உட்கார வேண்டிய அவசியம் உள்ள வசதி' என்று எழுதினார். அது அவருடைய சொந்தக் கற்பனை, எழுதிவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்று வந்தது. யார்டிலேயே நல்ல நாற்காலி அதுதான். நான் கண்ணாடி முன்னால், ஃபேன் காற்றில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே போவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் இருந்தவர்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்காக ஆகியிருந்தேன். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குள் பேச்சு. பில்லிங் பார்க்கிற ஒருவர் கட்டில் வரும் என்றார். பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ராட்சத வண்டியை ஓட்டுகிற அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மலைபோல ஆள், பேச்சு பூப்போல இருக்கும். அவர் லேஞ்சியால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "எழுதிக்கிட்டே இருங்க தங்கச்சி. அவங்க வீட்டுலயும் பொம்பளயாளு இருக்கும்லா" என்றார். அந்த வருஷம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கண்ணாடியில் அது அசிங்கமாகத் தெரிந்தது, நிறுத்திவிட்டேன்.

நான்காவது கடிதத்தை மேனேஜர் லீவில் இருந்த நாளில் நானே மின்னஞ்சலில் அனுப்பினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, கக்கூஸ் வேண்டும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.' அவ்வளவுதான்.

இதற்குப் பதில் உடனே வந்தது. எத்தனை பெண்கள் பணிபுரிகிறார்கள்? ஒருவர் என்று இங்கிருந்து தகவல் போனது, ஏனென்றால் அக்கா காண்டிராக்டர் கணக்கு. ஒரு ஆளுக்காகக் கட்டுவது பொருத்தமில்லை என்று பதில் வந்து கதை முடிந்தது. மேனேஜர் எனக்காக வருத்தப்பட்டார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. உலகம் அவருக்குப் பழக்கமான உலகமாகத் திரும்பியிருந்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து தணிக்கைக்கு ஒரு மேடம் வருவதாகத் தகவல் வந்தது. இரண்டு நாள் காலை முதல் மாலை வரை யார்டில் இருப்பார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மேடம் வந்து உட்கார்ந்ததும் ஒரு இளநீர் கொடுத்தேன். வெயில் அப்படி, மறுக்கவில்லை. பத்து மணிக்கு உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி. இது எங்கள் ஊர் விசேஷம், குடிக்காமல் போகக் கூடாது என்றேன். பத்தே முக்காலுக்கு நுங்கு சர்பத். பதினொன்றரைக்கு மறுபடியும் ஒரு இளநீர். மேடம் நல்ல மாதிரி, ஒவ்வொன்றையும் பாராட்டிக் குடித்தார். அக்கா துடைப்பத்தோடு கதவோரம் நின்று, பந்தயக் குதிரையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேடம் பேனாவை மூடினார். ரெஸ்ட் ரூம் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒருவிதமான மரியாதை இருந்தது.

ஆடி முடிந்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. மண்டபத்தில் அன்றைக்கு நிச்சயதார்த்தம். மேடத்தை அழைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். லாரிகள் விட்டு, நாங்கள் போய்ச் சேரப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் மேடம் கைப்பையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்திருந்தார். திரும்பி வரும்போது இருவர் கையிலும் தாம்பூலப் பை இருந்தது. நடுச்சாலையில் மேடம் நின்று, "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். முகூர்த்த நாளில் மட்டும் என்றேன்.

அறிக்கையில் அவர் என்ன எழுதினார் என்று தெரியாது. பத்தே நாளில் உத்தரவு வந்தது. புதிதாகக் கட்ட வேண்டாம், கழித்துப் போட்ட இருபதடிக் கண்டெய்னர் ஒன்றை எடுத்து அதற்குள்ளேயே கழிப்பறை அமைத்துக்கொள்ளலாம். சுவர் எழுப்புகிற வேலையே இல்லை. ஆபீஸ் சுவரோரம் பெட்டியை இறக்கினோம். பக்கவாட்டில் வெல்டிங் வைத்து ஒரு சின்னக் கதவு வெட்டினார்கள். உள்ளே டைல்ஸ், வாளி, குழாய். என் ஆளுயரக் கண்ணாடியையும் அதற்குள்ளேயே மாட்டிவிட்டேன். உள்பக்கத் தாழ்ப்பாளை நானே கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்து வாங்கினேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி. அந்தப் பெட்டியின் நம்பர் யார்டு கம்ப்யூட்டரில் இன்னமும் 'காலி, நல்ல நிலை' என்றே இருந்தது. அதை நீக்கச் சொல்லி மேனேஜரிடம் மூன்று தடவை கேட்டேன்.

"அதுக்கு ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வேணும். ஆவாதும்மா" என்றார் மூன்று தடவையும்.

திங்கட்கிழமை திறப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை பைப் இணைப்பெல்லாம் முடிந்துவிட்டது. பெயிண்ட் மட்டும் திங்கள் காலையில் அடிப்பதாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற பெட்டிகளைப் போலவே துருப்பிடித்த சிவப்பில் நின்றது. சின்னக் கதவு சுவர்ப்பக்கம் இருந்ததால் யார்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் வெளிவாசல் கேட்டில் இருந்தேன். ஒரு கப்பல் கம்பெனிக்குப் பன்னிரண்டு காலிப் பெட்டிகள் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியையும் நான் சுற்றிப் பார்த்துச் சரியென்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பெட்டி போய்விட்டது. பதினோராவது பெட்டியோடு ஒரு டிரெய்லர் லாரி வந்து நின்றது. டிரைவர் நாமக்கல்காரர். இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க மேடம், இந்தப் பெட்டிக்குச் சைடுல ஒரு கதவு இருக்குதுங்களே. புது மாடலுங்களா?"

பார்த்தேன். எங்கள் கழிப்பறை லாரிமேல் இருந்தது. இரண்டு பக்கமும் முறிந்த பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷ உழைப்பு கப்பலேறப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. கம்ப்யூட்டர் அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறது, வண்டி ஓட்டுகிற அண்ணன் நம்பரைப் பார்த்துத் தூக்கி வைத்திருக்கிறார், அவர்மேல் குற்றமில்லை. உள்ளே டைல்ஸாவது உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக லாரியின் மேல் ஏறி, கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"ஆள் இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அடிக்குரல்.

"சார்" என்றேன் மெதுவாக. "நீங்க லாரிமேல இருக்கிய."

"தெரியும்." வாளியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. "லாரி எங்கன நிக்கி?"

"கேட்டுல, சார்."

"யாரெல்லாம் இருக்காவ?"

"நானும் டிரைவரும்."

"அவனப் போவச் சொல்லு."

டிரைவரிடம் பேப்பரில் ஏதோ குறையிருக்கிறது, ஆபீசுக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, அவசரமில்லாமல் வாருங்கள் என்றேன். அவர் அந்தக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அக்காவுக்குப் போன் போட்டேன். பெட்டியின் கூரையைப் பார்க்க நான் வைத்திருக்கும் ஏணியை அவர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தாழ்ப்பாள் திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வலது கையில் பிளாஸ்டிக் கோப்பையைப் பிடித்திருந்தார். அதை விடவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஏணியில் இறங்கிய பிறகு நான்தான் வாங்கி வைத்தேன்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஏதாவது பேசியாக வேண்டுமே என்பதற்காக, "உள்ள தண்ணி நல்லா வருதா சார்?" என்று கேட்டார்.

"வருது" என்றார் மேனேஜர்.

நடந்தது என்னவென்று பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். மதியம் வயிறு கலக்கியிருக்கிறது. ஆண்கள் பக்கம் மோட்டார் பழுது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரும் பார்க்காத நேரம் பார்த்து இதற்குள் நுழைந்திருக்கிறார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நான்கு மூலையிலும் இடி இடித்தது மாதிரி சத்தம் கேட்டு, பெட்டி மேலே கிளம்பியிருக்கிறது. முதலில் சுனாமி என்று நினைத்தாராம். வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எதிரே ஆளுயரக் கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு ஆகாயத்தில் போயிருக்கிறார்.

ஏன் சார் சத்தம் போடவில்லை என்று கேட்டேன்.

"லேடீஸ் டாய்லெட்ல இருந்து எப்படிம்மா சத்தம் போட?" என்றார்.

சத்தம் போடுவதைவிட, பேசாமல் இருந்து கொழும்பில் இறங்கிக்கொள்வது மேல் என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் கதவைத் தட்டியிராவிட்டால் உண்மையாகவே போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் காரியம் முடிந்திருந்ததா என்று மட்டும் நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆபீசுக்கு வந்ததும் ஈரக் கால்சட்டையோடு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஏதோ இரண்டு பட்டனைத் தட்டினார். அந்த நம்பர் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ரூவல் சார்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். என் பாஸ்வேர்டே போதும்." திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "மொதல்ல வந்த புதுசுல நானும் எழுதுனேம்மா. டிரைவருங்க வெயில்ல காயுதானுவன்னு, ஒரு தண்ணித் தொட்டி வைங்கன்னு. அஞ்சு வருஷம் எழுதுனேன். பதிலே வரல. கேட்டு இல்லன்னு வாரத விட, நாமளே இல்லன்னு சொல்லிட்டா சோலி முடிஞ்சிரும்லா."

ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கால்சட்டை காயட்டும் என்று.

உள்ளே இருந்தது அவர்தான் என்பது எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பெட்டியைத் தூக்கிய அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அந்த நல்ல மனிதர் பாவசங்கீர்த்தனம் செய்யப் பாதிரியாரிடம் ஓடிவிடுவார். இப்போது மேனேஜர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுது, பேரு போடாத" என்றார். பிறகு, "யாரும் படிக்க மாட்டாவ" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெட்டியை லாரியிலிருந்து பழைய இடத்திலேயே இறக்கி, மறுநாள் ஞாயிறு முழுவதும் வேலை பார்த்து பைப்புகளை மறுபடி இணைத்தோம். மேனேஜரும் கோயில் முடிந்து நேராக வந்துவிட்டார், வெள்ளைச் சட்டையோடு. கொத்தனார் இது திங்களுக்குள் ஆகாது என்றபோது, "ஏன் ஆவாது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாய்க்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது. நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம்.

திங்கட்கிழமை காலை பெட்டிக்கு ரோஜா நிறம் அடித்தோம். அடித்து முடித்ததும் அது யார்டின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. துறைமுகத்துக்குள் வரும் கப்பலிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று பில்லிங்காரர் சொன்னார். நாடா வெட்ட யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது, மேனேஜர் கத்தரிக்கோலை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா நாடாவை வெட்டிவிட்டு, ஆபீஸ் வாசலில் நின்று, காலை பத்து மணிக்கு, ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அண்ணன் வண்டியின் ஹாரனை அடித்தார். அது கப்பல் சங்கு மாதிரி இருந்ததால் அடுத்த யார்டிலிருந்தெல்லாம் ஆட்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த யார்டுகளில் பில் போடுகிற இரண்டு பெண்களும், எதிரே சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வெங்காயம் பொறுக்குகிறவர்களும் மெல்ல மெல்ல வந்துபோகத் தொடங்கினார்கள். காலை பதினோரு மணிக்கு ரோஜாப் பெட்டியின் முன்னால் வரிசை நிற்கும். வெங்காயம் பொறுக்குகிற ஒரு அம்மா, முதல் நாள் உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. பயந்துபோய் நான் கதவைத் தட்டினேன். ஒன்றுமில்லை, ஆளுயரக் கண்ணாடியில் தன்னை முழுசாகப் பார்த்து நாளாகிவிட்டது, கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது. பிறகு அவர்களுக்காக வெளியே ஒரு சின்னக் கண்ணாடியும் மாட்டினோம், வரிசை குறையட்டும் என்று. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இப்போது கேட்டில் நான் நிற்கிற இடத்துக்கு ஒரு நிழல்கூரை கேட்டு எழுதியிருக்கிறேன். 'நிழல்கூரை' என்றே எழுதினேன், படமும் வரைந்து அனுப்பினேன். முதல் கடிதத்துக்கு ஒரு தொப்பி வந்திருக்கிறது. இரண்டாவது கடிதம் நேற்றுப் போனது.